ஒரே தேர், இரண்டு பெயர்

மங்கரே போன்ற தென் ஆக்லாந்துப் பகுதிகளின் சாலைகளில் ஒரே கார் இரண்டு பெயரோடு ஓடுவதைப் பார்க்கலாம். கிரில்லில் வளைந்த ‘சி’ சின்னம் இருந்தால் அது டொயோட்டா செல்சியர். ஜப்பானில் யாரோ ஓட்டி முடித்த பிறகு கப்பலேறி வந்த வண்டி. நீள்வட்டத்துக்குள் ‘எல்’ இருந்தால் அது லெக்ஸஸ் எல்எஸ் 400; ஜப்பானுக்கு வெளியே புது வண்டியாக விற்கப்பட்டது. இரண்டும் 1989இல் சந்தைக்கு வந்தன. இரண்டையும் செய்தது தஹாரா ஆலை. இரண்டிலும் அதே நான்கு லிட்டர் வி8 இன்ஜின். மாடல் குறியீட்டைத் தேடிப் படித்தால் யூசிஎஃப் என்ற மூன்றெழுத்து இரண்டிலும் இருக்கும். ஆனாலும் ஒன்றை ‘டொயோட்டா’ என்றும் மற்றதை ‘லெக்ஸஸ்’ என்றும் சொன்ன மாத்திரத்தில் கேட்பவர் மனத்தில் இரண்டு வேறு மனிதர்கள் இறங்கி வருகிறார்கள். பெயர் பொருளுக்குள் இருக்கிறதா, அழைப்பவர்களின் வாயில் இருக்கிறதா என்பது நம் தத்துவ மரபுகள் நூற்றாண்டுகளாக வாதிட்ட கேள்வி. சொகுசுக் கார்களின் பெயர் முறை அதற்கு நல்ல சோதனைக் களம் என்பது என் எண்ணம். பெயர் என்பது மனிதர்கள் செய்துகொண்ட ஏற்பாடுதான். ஏற்பாடு என்பதால் அது பொய்யாகிவிடாது. மாறாக, அதனால்தான் அதற்குக் கடமை பிறக்கிறது. இதையே இங்கே நிறுவ முயல்கிறேன்.

இந்தச் சோதனைக்கு நியூசிலாந்து வாய்த்ததற்குக் காரணம் உண்டு. ஜப்பானைப் போலவே இங்கும் வண்டி சாலையின் இடப்பக்கம் ஓடுகிறது, ஸ்டீயரிங் வலப்பக்கம். 1980களின் இறுதியில் பழைய ஜப்பானிய வண்டிகளுக்குக் கதவு திறந்தது. 1998இல் கார் இறக்குமதி வரி அடியோடு நீங்கியபோது உள்நாட்டு அசெம்பிளி ஆலைகள் மூடப்பட்டன. ஜப்பானிலோ 2005 ஆகஸ்ட் வரை லெக்ஸஸ் என்ற பெயரே விற்பனையில் இல்லை. உலகம் ஜிஎஸ் என்று அறிந்தது அங்கே அரிஸ்டோ. ஐஎஸ் அங்கே ஆல்டெஸ்ஸா. இஎஸ் அங்கே விண்டம். ஆர்எக்ஸ் அங்கே ஹாரியர். இவை எல்லாம் தம் உள்ளூர்ப் பெயரோடு இங்கே வந்து இறங்கின. இதில் ஹாரியரின் கதையைச் சற்று நின்று பார்க்க வேண்டும். 1997இல் வந்த முதல் ஹாரியரும் 2003இல் வந்த இரண்டாவதும் லெக்ஸஸ் ஆர்எக்ஸின் மறுபெயர்கள். கிரில்லில் மட்டும் ஒரு பறவைச் சின்னம். 2013இல் வந்த மூன்றாவது ஹாரியருக்கும் ஆர்எக்ஸுக்கும் உறவு அறுந்துவிட்டது. பெயர் தொடர்ந்தது, பொருள் வேறானது. 2020இல் வந்த நான்காவது, வட அமெரிக்காவில் டொயோட்டா வென்ஸா. ஆக, ஒரு பொருளுக்கு இரு பெயர் என்பதோடு, ஒரு பெயருக்கு இரு பொருள் என்பதும் ஒரே வண்டியின் வரலாற்றில் நடந்திருக்கிறது. நிசான் ஸ்கைலைன் இன்னும் ஒரு படி மேலே போனது. 2014இல் வந்த ஸ்கைலைன் ஜப்பானிய நிசான் கடைகளில் நிசான் சின்னம் இல்லாமல், அதன் சொகுசுப் பிரிவான இன்ஃபினிட்டியின் சின்னத்தோடு விற்கப்பட்டது. 2019இல் பழைய சின்னம் திரும்பியது. உலோகத்தின் இயல்பிலேயே பெயர் ஊறியிருந்தால் இவ்வளவு எளிதாகக் கழற்றி மாட்ட முடிந்திருக்காது.

வாகனத்தை வைத்துப் பெயரை ஆராய்ந்த பழைய உரையாடல் ஒன்று பாலி மொழியின் ‘மிலிந்த பஞ்ஹ’ நூலில் இருக்கிறது. மிலிந்தன் என்பவன் கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் சாகலத்திலிருந்து ஆண்ட கிரேக்க வழி அரசன் மெனாண்டர். பிக்கு நாகசேனரிடம் அவன் பெயர் கேட்கிறான். நாகசேனர் என்று கூப்பிடுகிறார்கள், ஆனால் அது வழங்கு பெயர் மட்டுமே, அதற்குள் தனி ஆள் என்று ஒருவர் அகப்படமாட்டார் என்கிறார் அவர். பிறகு வருவதுதான் எல்லோருக்கும் தெரிந்த பகுதி: அரசன் தேரில் வந்தான் என்றால் எது தேர், அச்சா, சக்கரமா, நுகமா, இவையெல்லாம் சேர்ந்த குவியலா, இவற்றுக்கு வெளியே வேறொன்றா? எதுவும் இல்லை, உறுப்புகளைச் சார்ந்து ‘தேர்’ என்ற பெயர் வழங்குகிறது, அவ்வளவுதான். இந்தத் தேர் உவமையை மேற்கோள் காட்டுகிறவர்கள் பெரும்பாலும் விட்டுவிடும் இடம் ஒன்று உண்டு. தேருக்கு முன்பே அரசன் எழுப்பும் ஆட்சேபம் அது: ஆளே இல்லை என்றால் உமக்குச் சீவரமும் உணவும் யார் தருகிறார்கள், யார் பெறுகிறார்கள், சீலத்தைக் காப்பது யார், உம்மைக் கொன்றவன் மேல் கொலைப்பழி எப்படி விழும்? அறம் சார்ந்த கேள்வி இது. பெயர் வெறும் வழக்கு என்றால் பொறுப்பும் வெறும் வழக்கா என்று அரசன் அஞ்சுகிறான். பதிலாக வரும் தேர் அந்த அச்சத்தை நீக்கத்தான் வருகிறது. தேருக்குள் தேர்த்தன்மை என்று ஒரு சாரம் இல்லாமலேயே அரசன் அதில் ஏறி வந்து சேர்ந்தான். பெயர் வேலை செய்வதற்குச் சாரம் வேண்டியதில்லை, சார்ந்த உறுப்புகளும் ஒத்துக்கொண்ட வழக்கும் போதும். வேலை செய்கிற எதற்கும் பொறுப்பும் உண்டு.

பெயர்கள் எல்லாம் ஒரே வகையில் வேலை செய்வதில்லை என்பதை நம் இலக்கணிகள் தெளிவாகப் பிரித்துவைத்தார்கள். சொல்லுக்கும் பொருளுக்கும் உள்ள உறவு இயற்கையானது, யாரும் உண்டாக்காதது என்றது மீமாம்சை. அது ஏற்படுத்தப்பட்ட சங்கேதம் என்றது நியாயம். பவணந்தி முனிவரின் நன்னூல் இந்தச் சண்டைக்குள் போகாமல், இடுகுறிப்பெயர் என்றும் காரணப்பெயர் என்றும் பெயர்களை இரண்டாக வகுத்தது. செல்சியர், ஹாரியர் போன்றவை வாங்குபவருக்கு இடுகுறிகள். அந்தப் பெயரைக் கேட்டு வண்டியைப் பற்றி எதையும் கணக்கிட முடியாது. ஜெர்மானியச் சொகுசுக் கார்களின் எண்களோ காரணப்பெயர்களாகப் பிறந்தவை. பென்ஸ் 220 என்றால் 2.2 லிட்டர் இன்ஜின், 300 என்றால் மூன்று லிட்டர். பிஎம்டபிள்யூ 1972இல் ஐந்தாம் வரிசையைத் தொடங்கியபோது முதல் இலக்கம் வண்டியின் வரிசையையும் அடுத்த இரண்டு இன்ஜின் அளவையும் சொல்லின. பென்ஸில் எண்ணுக்குப் பின் வந்த ‘இ’யும் பிஎம்டபிள்யூவின் ‘ஐ’யும் ஒன்றையே குறித்தன: எரிபொருளைக் கார்புரேட்டர் வழியாக விடாமல் இன்ஜெக்ஷன் முறையில் பீய்ச்சும் வண்டி இது என்பதை. படிக்கத் தெரிந்தவருக்கு டிக்கி மூடியில் ஒட்டியிருந்த அந்த மூன்று இலக்கமும் ஓரெழுத்தும் பானெட்டுக்குள் இருப்பதைச் சொல்லிவிடும்.

அந்தக் காரணம் எப்படிக் கழன்றது என்பதில்தான் என் வாதத்தின் உயிர் இருக்கிறது. எல்லா வண்டியும் இன்ஜெக்ஷன் ஆன பிறகு ‘இ’ சொல்ல எதுவும் மிஞ்சவில்லை. 1993இல் பென்ஸ் பெயர் முறையைத் திருப்பிப் போட்டு எழுத்தை எண்ணுக்கு முன்னால் கொண்டுவந்தது. நடுத்தர வண்டி இ கிளாஸ் ஆனது. தொழில்நுட்பத்தைக் குறித்த எழுத்து படிநிலையைக் குறிக்கும் எழுத்தாக மாறியது. பிஎம்டபிள்யூவின் ‘ஐ’ பல்லாண்டு அலங்காரமாக ஒட்டிக்கொண்டிருந்துவிட்டு, 2024இல் பெட்ரோல் வண்டிகளின் பெயரிலிருந்து எடுக்கப்பட்டு மின்சார வண்டிகளுக்கென்று ஒதுக்கப்பட்டது. எண்கள் இன்னும் மெதுவாகக் கரைந்தன. 1982இல் வந்த பென்ஸ் 190இல் இருந்தது இரண்டு லிட்டர் இன்ஜின். 200 என்ற எண் ஏற்கெனவே பெரிய வண்டியின் மேல் இருந்ததால் சின்னதற்குப் பத்து குறைத்தார்கள். 1980ஐ ஒட்டி வந்த பிஎம்டபிள்யூ 745இல் 3.2 லிட்டர் டர்போ இன்ஜின். டர்போவின் பலத்துக்காக 1.4ஆல் பெருக்கி 4.5 என்று எழுதினார்கள். அதையாவது ஒரு கணக்கு என்று ஒப்புக்கொள்ளலாம். இன்று சி 300இல் இருப்பது இரண்டு லிட்டர் இன்ஜின். எல்லாவற்றையும் விட 63 என்ற எண்ணைப் பாருங்கள். 1968இல் வந்த 300 எஸ்இஎல் 6.3இல் 6332 சிசி இன்ஜின் இருந்தது, எண் உண்மை. 2006இல் பென்ஸின் ஏஎம்ஜி பிரிவு அந்த நினைவில் 63 என்று பெயரிட்ட இன்ஜின் 6208 சிசி. பிறகு அதே 63, ஐந்தரை லிட்டர் டர்போவின் மேல் ஏறியது. பிறகு நான்கு லிட்டர் மேல். 2022இல் வந்த சி 63 எஸ் இ பெர்ஃபார்மன்ஸில் மின்மோட்டாரோடு சேர்ந்து உழைப்பது 1991 சிசி, நான்கு சிலிண்டர் இன்ஜின்.

காரணம் போன பிறகும் காரணத்தின் முகத்தோடு நிற்கும் பெயரைத்தான் நான் குறை சொல்கிறேன். இடுகுறிப்பெயர் எதையும் வாக்களிப்பதில்லை. ஆகவே அது யாரையும் ஏமாற்றுவதும் இல்லை. எண் அப்படியில்லை, அளவைச் சொல்லத்தான் எண்ணுக்கு நம் வாழ்வில் இடம் கொடுத்திருக்கிறோம். பெயருக்குள் எண் வந்தால் யாரோ அளந்து பார்த்திருக்கிறார்கள் என்ற நம்பிக்கையும் கூடவே வருகிறது. மறுப்பவர்கள் சொல்வது எனக்குத் தெரியும். புதிய சி 63இன் மொத்தத் திறன் 500 கிலோவாட். பழைய சி 63கள் எதற்கும் அது இளைத்ததல்ல. சிசி எவ்வளவு என்பதும் விளம்பரக் கையேட்டிலேயே அச்சாகியிருக்கிறது. பிறகு எங்கே ஏமாற்று என்பார்கள். திறனைப் பற்றி அவர்கள் சொல்வது சரி. அப்படியானால் திறனையே பெயராக்கலாமே. ஆவுடி 2017இல் அதைச் செய்து பார்த்தது. 81 முதல் 96 கிலோவாட் வரை 30, அதற்கு மேலே படிப்படியாக ஏறி 400க்கு மேல் 70 என்று ஓர் அட்டவணை வெளியிட்டது. அழகில்லாத முறைதான், ஆனால் எண் எதை எண்ணுகிறது என்பதற்குப் பதில் இருந்தது. இரட்டை எண் மின்சார வண்டிக்கு, ஒற்றை எண் பெட்ரோல், டீசலுக்கு என்று அதே நிறுவனம் 2023இல் அறிவித்து, 2025 பிப்ரவரியில் கைவிட்டது. அந்த இடைவெளியில் ஏ4இன் வாரிசு ஏ5 என்ற பெயரோடு பிறந்துவிட்டது. காரணத்தை உண்மையாகத் தேடித் தடுமாறுவதை மன்னிக்கலாம். மறைந்துபோன இன்ஜினின் அளவைப் பரம்பரைப் பட்டம் போல வாரிசுகளுக்குச் சூட்டுவது வேறு விஷயம்.

இந்தப் பெயர்கள் அளவை இழந்தபோது எதைச் சொல்லத் தொடங்கின என்பதையும் கேட்க வேண்டும், ஏனென்றால் சமயங்கள் கவலைப்பட்டது அதைப் பற்றித்தான். அவை இப்போது சொல்வது ஏணியில் எந்தப் படி என்பதை. சி, இ, எஸ், அதற்கும் மேலே மேபாக். இப்படி அடுக்கியதும், சி கிளாஸ் வைத்திருப்பவரின் வண்டியில் எந்தக் கோளாறும் இல்லாமலேயே ஒரு குறை பிறந்துவிடுகிறது. அது டிக்கி மூடியில் ஒட்டியிருக்கும் எழுத்தில் பிறக்கிறது. நிறுவனங்களுக்கும் இது தெரிந்தே இருக்கிறது. ஹோண்டாவின் சொகுசுப் பிரிவான அக்யூரா, 1986 முதல் லெஜண்ட் என்ற வண்டியை அமெரிக்காவில் விற்றது. மக்கள் வாயில் லெஜண்ட் நின்றது, அக்யூரா நிற்கவில்லை. 1996 மாடலில் அந்தப் பெயரை எடுத்துவிட்டு ஆர்எல் என்று இரண்டெழுத்து வைத்தார்கள். இன்ஃபினிட்டியும் 2014 மாடல்களிலிருந்து தன் வண்டிகள் எல்லாவற்றையும் கியூ, கியூஎக்ஸ் என்ற எழுத்துகளுக்குள் அடக்கியது. தனி வண்டிக்குத் தனிப் பெயர் இருந்தால் பற்று அந்த வண்டியோடு நின்றுவிடும். எழுத்தும் எண்ணும் இருந்தால் பற்று நிறுவனத்துக்கும் அடுத்த படிக்கும் நகரும். வள்ளுவர் துறவு அதிகாரத்தில் ‘நான்’, ‘என்னுடையது’ என்ற இரண்டு எண்ணங்களையும் ஒரே செருக்காகச் சேர்த்துப் பேசுகிறார். ஒருவர் தன் வண்டியின் எழுத்தைத் தன் பெயருக்கு முன் போட்டுக்கொள்ளும் இடத்தில் இந்த இரண்டும் ஒன்றாகிவிடுவதைக் காணலாம். நாகசேனர் ‘ஆள்’ என்ற கற்பிதத்தைப் பிரித்துக் காட்டியது இந்த ஒட்டுதலைக் கரைக்கத்தான்.

இங்கே ஒரு வலுவான ஆட்சேபம் எழும். செல்சியரும் லெக்ஸஸும் உண்மையிலேயே ஒன்றா? ஜப்பானிலிருந்து வந்த செல்சியரைக் கிளப்பினால் திரையில் ஜப்பானிய எழுத்து. நேவிகேஷன் குரல் ஜப்பானியத்தில் வணக்கம் சொல்லும். வரைபடத்தில் டோக்கியோ இருக்கும், ஆக்லாந்து இருக்காது. ரேடியோ 76 முதல் 90 மெகாஹெர்ட்ஸ் வரைதான் பிடிக்கும். உள்ளூர் எஃப்எம் நிலையங்கள் பலவும் 90க்கு மேலே இருப்பதால் பேண்ட் எக்ஸ்பாண்டர் என்ற சிறு கருவியை மாட்டினால்தான் கேட்கும். லெக்ஸஸ் வாங்கியவருக்கு வாரண்டி, சர்வீஸ் புத்தகம், பதில் சொல்ல ஒரு டீலர் எல்லாம் கிடைத்தன. ஆகவே பெயர் வெறும் ஒட்டு அல்ல, ஓர் உறவு முழுவதையும் சுட்டுகிறது என்பார்கள். இதை நான் மனமார ஏற்கிறேன். என் வாதத்துக்கு இது துணையே செய்கிறது. பெயர் சுட்டுவது உலோகத்தை மட்டும் அல்ல என்றால், அது சுட்டுவது ஒரு வாக்குறுதியை. வாரண்டி முடிந்து, சர்வீஸ் புத்தகம் தொலைந்து, மூன்றாவது, நான்காவது கைக்கு மாறிய வண்டியில் அந்த வாக்குறுதி தீர்ந்துபோயிருக்கிறது. அதற்குப் பிறகும் ஒன்றுக்கு மதிப்புக் கூடவும் மற்றதற்குக் குறையவும் செய்வது பெயரின் நிழல் மட்டுமே.

அப்படியானால் செல்சியரின் ‘சி’யைக் கழற்றிவிட்டு ‘எல்’லை ஒட்டுகிறவர் தவறு செய்கிறாரா? இப்படி மாற்றி ஒட்டுவது இந்த நாட்டில் பரவலான வழக்கம். ஆல்டெஸ்ஸாவும் ஹாரியரும் கூட இதற்கு விலக்கல்ல. பெரும்பாலோர் இதைப் பகட்டு என்று ஒதுக்கிவிடுகிறார்கள். என் தீர்ப்பு வேறு. அந்த வண்டி பிறந்த ஆலையில், அதே உடம்போடு ‘எல்’ தாங்கியவையும் பிறந்தன; ஒட்டுகிறவர் அதன் இன்னொரு உண்மைப் பெயரைச் சொல்கிறார். நான்கு சிலிண்டர் இன்ஜின் மேல் 63 என்று பொறிக்கும் தொழிற்சாலையோடு ஒப்பிட்டால் அவர் உண்மைக்கு மிக அருகில் நிற்கிறார். தவறு தொடங்கும் இடம் ஒன்றே: அந்த ஒட்டைக் காட்டி, தெரியாத ஒருவரிடம் கூடுதல் விலை கேட்கும்போது. அங்கே பெயர் இருவருக்கிடையேயான ஒப்பந்தமாகிறது. ஒருவருக்குத் தெரிந்தது மற்றவருக்குத் தெரியவில்லை. மெனாண்டர் கேட்ட கேள்விக்கு இங்கே கண்முன் பதில் கிடைக்கிறது: லெக்ஸஸ்தன்மை என்று ஒன்று எங்கும் இல்லாவிட்டாலும், ஏமாந்தவருக்கு இழப்பு உண்டு, ஏமாற்றியவருக்குப் பழி உண்டு.

சமயத்தின் பக்கமிருந்து வரும் ஆட்சேபம் இதைவிட ஆழமானது. நாமத்தின் மகிமையைப் பேசும் மரபு நம்முடையது. சகஸ்ரநாம அர்ச்சனை, ஐந்தெழுத்து ஜபம், நாமசங்கீர்த்தனம் என்று பெயரையே கரையேற்றும் தெப்பமாகக் கொண்டவர்களிடம் பெயர் ஏற்பாடு மட்டுமே என்று எப்படிச் சொல்வது? நான் அந்த மரபை மதித்தே சொல்கிறேன்: ஆயிரம் பெயர் சொல்வதற்கு அங்கே அர்த்தமே, எந்த ஒரு பெயரும் அந்தப் பொருளை அடைத்துவிடாது என்பதுதான். அந்த ஆயிரத்தில் எந்த நாமமும் இன்னொன்றுக்கு மேலான படி அல்ல. சொல்லச் சொல்லச் சொல்பவரின் ‘நான்’ சிறுக்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். சொகுசு வண்டியின் பெயர் நேர் எதிர்த் திசையில் வேலை செய்கிறது. சொல்பவரைப் பெருக்கவும் அடுத்தவரிடமிருந்து பிரிக்கவும் அது தேவைப்படுகிறது. புது வண்டிக்குப் பூஜை போடும்போது நடப்பதைக் கவனியுங்கள். அர்ச்சகர் கேட்பது உரிமையாளரின் பெயர், நட்சத்திரம், கோத்திரம். மாடல் என்னவென்று கேட்டுச் சங்கல்பத்தில் சேர்ப்பதில்லை. பானெட்டில் சந்தனம், குங்குமம், சக்கரத்துக்கு ஓர் எலுமிச்சம்பழம். எஸ் கிளாஸுக்குப் பெரிய எலுமிச்சை என்று கிடையாது. ஆயுத பூஜையன்று அரிவாளும் தையல் மெஷினும் பைக்கும் ஒரே வரிசையில் பொட்டு வாங்கிக்கொள்கின்றன. கருவியை வணங்குவதற்கும் கருவியின் பட்டத்தை வணங்குவதற்கும் உள்ள வேறுபாட்டை வழிபாடு எந்தப் பிரசங்கமும் இல்லாமல் காத்துவந்திருக்கிறது.

பெயர் ஏற்பாடுதான் என்றால் எந்தப் பெயரையும் மாற்றலாம், எதற்கும் வலிக்காது என்று யாராவது முடிவு கட்டினால் அதற்கும் மங்கரேயிலேயே மறுப்பு இருக்கிறது. ஊருக்குத் தன் பெயரைப் பகிர்ந்து நிற்கும் எரிமலைக் குன்றை அரசு வரைபடங்கள் நெடுங்காலம் மங்கரே மவுண்டன் என்று மட்டும் எழுதின. எரிமலைகளுக்குரிய தெய்வமான மாதாஒஹோவின் தலை என்று மாவோரி மக்கள் அதை தே பானே ஓ மாதாஒஹோ என்று அழைத்துவந்தார்கள். தே ஆரா புவெரு என்றும் ஒரு பெயர் உண்டு. ஆக்லாந்தின் குன்றுகள் குறித்த 2014ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு இம்மூன்றும் சேர்ந்தே அதன் அதிகாரப்பூர்வப் பெயர். மூன்றில் எதுவும் எரிமலைப் பாறைக்குள் எழுதப்பட்டிருக்கவில்லை. மூன்றும் மனித ஏற்பாடுகளே. ஆனால் ஒரு பெயரை எழுதி மற்றவற்றை எழுதாமல் விட்டபோது ஒரு மக்கள் கூட்டத்தின் வம்ச நினைவு பதிவேட்டிலிருந்து விலக்கப்பட்டது. அந்த இழப்பு கற்பிதமல்ல. குன்றின் பெயர்கள் யாருடைய உறவு எது என்பதைச் சொல்கின்றன. படிநிலை எதையும் கோரவில்லை. ஆகவேதான் மூன்றும் ஒரே பலகையில் இடம்கொள்ள முடிகிறது.

கார்களுக்குத் திரும்பினால், நியூசிலாந்துச் சட்டம் பழைய வண்டி விற்பவரிடம் இந்தப் பொறுப்பைக் கேட்டே வாங்குகிறது. பழைய கார் டீலர் விற்பனைக்கு நிறுத்தும் ஒவ்வொரு வண்டியிலும் நுகர்வோர் தகவல் தாள் ஒன்றை வைக்க வேண்டும். தயாரிப்பு, மாடல், ஆண்டு எல்லாம் அதில் நிரப்பியிருக்க வேண்டும். வாங்குபவர் அதைப் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்துப் போடுகிறார். தவறாக நிரப்பினால் 1986ஆம் ஆண்டு ஃபேர் டிரேடிங் சட்டம் குறுக்கே நிற்கும். கிரில்லில் ‘எல்’ மின்னினாலும் அந்தத் தாளில் டொயோட்டா செல்சியர் என்று எழுத வேண்டிய கடமை விற்பவருக்கு உண்டு, அவர் பெரும்பாலும் சிறு முதலாளியே ஆனாலும். அதே முற்றத்தில் நிற்கும் சி 63இன் தாளில் மாடல் கட்டத்தில் சி 63 என்றே நிரப்பினால் போதும். அந்த எண் எதை எண்ணுகிறது என்று எழுத அதில் கட்டம் இல்லை. அதை எழுத வேண்டியவர் அந்த முற்றத்தில் நிற்கவும் இல்லை. அந்த எண்ணைப் பொறித்து அனுப்பிய நிறுவனம்தான் அதற்குப் பதில் சொல்ல வேண்டும், டீலரிடம் கேட்கப்படும் அதே கண்டிப்போடு.